கொச்சைமொழிப் பிரிவுத் திறப்பு விழா

நெருங்கி உட்காருங்கள் மக்கா. பின்னால் இருப்பவர்களும் வாருங்கள், இடம் இருக்கிறது. கைபேசியைக் கொஞ்ச நேரம் கவிழ்த்து வையுங்கள். ஒரு பெண்ணையும் ஒரு ஆபீசையும் பற்றிச் சொல்லப்போகிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்வேன். அங்கங்கே நடந்ததைவிடக் கொஞ்சம் நன்றாகவும் சொல்வேன். கதை சொல்கிறவளுக்கு அந்த அளவு உரிமை உண்டு.

யோகலட்சுமிக்கு வயது நாற்பத்து நான்கு. வீடு சங்கரன்கோவிலில், விசைத்தறிச் சத்தம் ஓயாத தெரு ஒன்றில். ஆறு வருடமாக அவளுக்கு இஸ்ரேலில் வேலை. நெதன்யா என்று ஒரு கடற்கரை ஊர். அங்கே ஜிசேல் என்கிற அம்மாவுக்கு எண்பத்தொன்பது வயது. குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, சோறூட்டி, தூங்கவைக்க வேண்டும். ஜிசேல் அம்மா பிறந்தது பிரான்சில், மார்செய் துறைமுகத்தில், மீன்காரி மகளாக. அதனால் மரியாதையான பிரெஞ்சு அவளுக்கு வராது. மீன்கடையில் என்ன பேசுவார்களோ அதுதான் வரும். எபிரேயம் கேட்டால் புரியும், எழுதத் தெரியாது. யோகலட்சுமிக்கு எபிரேயம் சமையலறை அளவுக்கு வரும், பிரெஞ்சில் ஓர் எழுத்தும் தெரியாது. இந்த இரண்டு பேரும் ஆறு வருடம் சண்டை போட்டே ஒற்றுமையாக இருந்தார்கள்.

மகள் அனுவின் பிரசவத்துக்காக யோகலட்சுமி ஊருக்கு வந்தாள். பேத்தி பிறந்து, பெயரும் வைத்தாயிற்று. ஆகஸ்டு ஒன்பதாம் தேதிக்குள் அவள் திரும்பிப் போய் இறங்க வேண்டும். தவறினால் அந்த வேலைக்கான அனுமதி போய்விடும். போவதற்கு ஒரே ஒரு காகிதம் பாக்கி. ஜிசேல் அம்மா தன் கைப்பட எழுதிய அழைப்புக் கடிதம், எபிரேயத்தில் மொழிபெயர்த்து, விண்ணப்பிப்பவள் ஊரில் உள்ள அதிகாரமுள்ள அலுவலகத்தின் முத்திரையோடு வேண்டும்.

கடிதம் தபாலில் வந்துவிட்டது. இரண்டு பக்கம், கோழி கிளறியது போன்ற கையெழுத்து. கூடவே ஜிசேல் அம்மாவின் பக்கத்து வீட்டுக்காரி தொலைபேசியில் ஒரு சேதி சொன்னாள். "மூன்று ஆள் மாற்றிவிட்டோம். ஸ்பூனைக் கண்டால் வாயை இறுக்கி மூடிக்கொள்கிறாள். ஆறு கிலோ இறங்கிவிட்டது. நீ சீக்கிரம் வா."

யோகலட்சுமி அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை.

நம் ஊரில் அந்த அதிகாரமுள்ள அலுவலகம் இருந்தது, மக்கா. அதுதான் அதிசயம். 'அயல்மொழி ஆவண ஒப்புறுதி வாரியம், சங்கரன்கோவில் கிளை.' பழைய அரிசி ஆலைக்கு மேல் மாடி. பெயர்ப்பலகையில் ஐந்து மொழிகள். அதில் ஒன்று தலைகீழாக எழுதப்பட்டிருப்பதாக ஒரு வெளிநாட்டுக்காரர் சொன்னாராம். எந்த மொழி என்று சொல்வதற்குள் பஸ் வந்து ஏறிப் போய்விட்டார். அது எது என்று கண்டுபிடிக்க மூன்று பேர் கொண்ட குழு நான்கு வருடமாகக் கூடிவருகிறது.

பதினோரு வருடத்தில் அந்தக் கிளையில் ஒப்புறுதி பெற்ற ஆவணம் ஒன்றே ஒன்று. அந்த மாடியின் வாடகை ஒப்பந்தம்.

கண்காணிப்பாளர் சண்முகையா மேசைக்குப் பின்னால் இருந்தார். நல்ல மனிதர்தான். யாராவது வேலை கொண்டுவந்தால் மட்டும் அவருக்கு மூச்சு முட்டும். படிவத்தை எடுத்தார்.

"மூல மொழி?"

"பிரெஞ்சு சார்."

"இலக்கு மொழி?"

"எபிரேயம்."

"தரம்?"

"என்ன தரம் சார்?"

"மொழியோட தரம்மா. உயர்நடை, பொதுநடை, கொச்சை. மூணுல ஒண்ணுக்கு டிக் அடிக்கணும்லா."

யோகலட்சுமி பொய் சொல்லத் தெரியாதவள். "அந்தம்மா மீன்கடைப் பேச்சுதான் சார் பேசும். நாலு வார்த்த பேசினா ரெண்டு வசவா இருக்கும்" என்றாள்.

"அப்போ கொச்சை" என்று சண்முகையா மையால் அழுத்தி ஒரு டிக் போட்டார். வினை அந்த டிக்கில் ஏறி உட்கார்ந்துகொண்டது.

"அதுக்கென்ன சார், நல்ல பேச்சா மாத்தி எழுதிக் குடுங்க. போதும்."

சண்முகையா பேனாவை மூடினார். "ஏம்மா, என்ன பேச்சு பேசுதிய? விதி பதினேழு ஆ. கொச்சையக் கொச்சையாத்தான் மாத்தணும். நல்ல பேச்சா மாத்தினா அது தர உயர்வு. பதவி உயர்வு மாதிரி. எனக்கே பதினாறு வருசமாக் கெடைக்கல. ஒரு கடுதாசிக்கு ஒரே நாள்ல குடுத்துர முடியுமா?"

"அப்போ கொச்சையாவே மாத்துங்க சார்."

"அதுக்குப் பிரெஞ்சுக் கொச்சையும் தெரிஞ்சு, எபிரேயக் கொச்சையும் தெரிஞ்ச நிபுணர் வேணும். நம்ம பட்டியல்ல அப்படி யாரும் கெடையாது."

"பட்டியல்ல வேற யாரு சார் இருக்கா?"

"பட்டியலே இன்னும் அச்சாகல."

ஆனாலும் வந்த ஆவணத்தை முன்னாய்வு செய்வது அவர் கடமை. கைபேசியை எடுத்துக் கடிதத்தின் மேல் பிடித்தார். கைபேசி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னது: 'என் தெள்ளுப்பூச்சியே, நீ என்னை மலத்தில் விட்டுச் சென்றாய். புதியவள் என் பாதங்களை உடைக்கிறாள். அவளது காப்பி காலுறைச் சாறு. என்னிடம் பலகைக்கல் உள்ளது. உன் ஸ்ட்ராபெரியைக் கொண்டு வா.'

சண்முகையா இரண்டு தடவை படித்தார். தெள்ளுப்பூச்சி என்றதும் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாள் எடுத்துக் குறைபாட்டுக் குறிப்பு எழுதினார். மனுதாரர் உடம்பில் பூச்சி இல்லை என்று சுகாதாரச் சான்று. பாதம் உடைந்தது குறித்து அந்நாட்டுக் காவல் நிலையத்தில் பதிவான வழக்கின் நகல். கல் வைத்திருப்பதற்குக் கனிமவளத் துறையின் அனுமதி. ஸ்ட்ராபெரியை நாடு கடத்த வேளாண்மைத் துறையின் தடையின்மைச் சான்று.

"சார், அது அப்படி இல்ல சார். அந்தம்மா ஆசையா இருந்தா என்னைய அந்தப் பூச்சி பேரச் சொல்லித்தான் கூப்பிடும். நாம கண்ணுன்னு சொல்லுதோம்லா, அது மாதிரி."

"அத நீங்க சொல்லப்படாது. நீங்க மனுதாரர். அர்த்தம் சொல்ல வாரியத்துக்குத்தான் அதிகாரம்."

"வாரியத்துக்கு அர்த்தம் தெரியாதே சார்."

"அதிகாரம் வேற, தெரியுறது வேற."

அது ஆடி மாதம். கோவிலைச் சுற்றிப் பெண்கள் நூற்றெட்டுச் சுற்று சுற்றிக்கொண்டிருந்தார்கள். யோகலட்சுமியும் சுற்றினாள், ஆனால் ஆபீஸ்களை. சுகாதார ஆய்வாளரிடம் தலையைக் காட்டினாள். அவர் பார்த்துவிட்டுச் சிரிக்காமல் 'சுத்தம்' என்று எழுதிக் கொடுத்தார். வேளாண்மை அலுவலகத்து அம்மா, "இந்தக் கரிசல்ல ஸ்ட்ராபெரிக்கு எங்க போவ? பருத்திக்கு வேணும்னா எழுதித் தாரேன்" என்றாள். காவல் நிலையத்திலும் கனிமவள அலுவலகத்திலும் அவள் சொன்னதைக் கேட்டுவிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். வெயில் தலைக்கேறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

கடைசியில் கிளைத் தலைவர் ராஜதுரையையே பார்ப்பது என்று போனாள். அவர் அறையில் மூன்று பொன்னாடைகள் நாற்காலி முதுகில் கிடந்தன. நான்காவதை அவர் போர்த்தியிருந்தார். காலையில் வாரியத்தின் புதிய துடைப்பத்துக்கு ஒரு சிறிய தொடக்க நிகழ்ச்சி நடந்திருந்தது.

"அம்மா, ஒங்க அவசரம் எனக்குப் புரியுது" என்றார் தலைவர். அவர் ஒருவரிடம் பேசினாலும் ஆயிரம் பேரிடம் பேசுவதுபோலத்தான் பேசுவார். "ஆனா இது பொறுப்புள்ள நிறுவனம். மத்த கிளைகள்ல எத்தன பிழை நடக்கு தெரியுமா? தினமும் நடக்கு. நம்ம கிளையில பதினோரு வருசத்துல ஒரே ஒரு மொழிபெயர்ப்புப் பிழை நடந்திருக்கா? நடக்கல. ஏன் நடக்கல? மொழிபெயர்ப்பே நடக்கல. நடக்க விடல. அந்தக் கட்டுப்பாடு லேசுப்பட்டதா?"

"இல்ல சார்."

"அதத்தான் சொல்லுதேன்."

"அந்தம்மா சாப்பிட மாட்டேங்குது சார். தேதி ஆயிட்டே இருக்கு."

தலைவர் கண்ணை மூடித் திறந்தார். "ஒங்களுக்காக ஒண்ணு செய்யுதேன். தகுதியான நிபுணரை நீங்களே கொண்டுவாங்க. வாரியம் தேர்வு வைக்கும். வெளிப்படையான தேர்வு."

வெளியே குடிதண்ணீர்ப் பானை பக்கத்தில் தட்டச்சர் ஞானசெல்வி நின்றிருந்தாள். ஓய்வுக்கு எட்டு மாதம் இருந்தது. அந்த ஆபீசில் விதிப்புத்தகத்தை முழுக்கப் படித்தவள் அவள் ஒருத்திதான், வேறு வேலை இல்லாததால். அவள் யோகலட்சுமியின் கையைப் பிடித்து, "கடையநல்லூர்ல மைதீன் பாட்சான்னு ஒருத்தரு இருக்காரு. போன வருசம் இங்கன ஒரு சர்ட்டிபிகேட்டுக்கு வந்தாரு. நம்ம சாரு நாலு நாள் அலைய உட்டதும் பிரெஞ்சுல என்னமோ சொன்னாரு பாத்துக்க. அர்த்தம் வெளங்கல. ஆனா கேட்டதும் பானையில தண்ணி நடுங்குச்சு. போய்ப் பாரு" என்றாள்.

யோகலட்சுமி மறுநாளே புளியங்குடி வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினாள்.

மைதீன் பாட்சா பாரிசில் ஒரு மளிகைக் கடையில் பத்தொன்பது வருடம் வேலை பார்த்தவர். கடை முதலாளி துனிசியாவிலிருந்து வந்த யூதர், பிரெஞ்சு மட்டும் பேசுவார். அவர் சம்சாரம் இஸ்ரேலில் யாபா ஊர்க்காரி, எபிரேயம் மட்டுமே பேசுவேன் என்று சத்தியம் செய்தவள். பாட்சா வேலைக்குச் சேர்ந்த வாரம் புருஷன் பெண்டாட்டிக்குள் ஒரு சண்டை வந்து, நேருக்கு நேர் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். அன்றிலிருந்து பாட்சாதான் பாலம். முதலாளி கல்லாவிலிருந்து பிரெஞ்சில் வைவார். பாட்சா பின்கட்டுக்குப் போய் அதை எபிரேயத்தில் வைய வேண்டும். அவள் பதிலுக்கு வைவாள், அவர் திரும்பிவந்து சொல்ல வேண்டும்.

"ஒரு வார்த்த கொறச்சுச் சொல்ல முடியாது தங்கச்சி" என்றார் பாட்சா. "அந்தம்மாவுக்கும் பிரெஞ்சு வெளங்கும்லா! கேட்டுக்கிட்டே நிப்பா. நான் கொஞ்சம் பதமாச் சொன்னாப் போதும், 'ஏன்டா, அவன் சொன்னதுல பாதிய முழுங்கிட்டியே, அவன்கிட்ட எவ்வளவுடா வாங்குன'ன்னு என்னையும் சேத்து வைவா. எழுத்தும் அங்கனதான் படிச்சேன். வலமிருந்து எடம் எழுதுதது ஓதப்பள்ளியில அரபு படிக்கையிலேயே பழகுனதுதான. ஒரு நாளைக்கு முப்பது நடை. பத்தொம்போது வருசம். நீங்களே கணக்குப் போட்டுக்கிடுங்க."

"நல்ல பிரெஞ்சு வருமா பாய்?"

"மருந்துக்கும் வராது. 'வணக்கம்'னு சொல்லத் தெரியாது எனக்கு."

அவர் மனைவி ஷரீபா பீவி சாயா கொண்டுவந்து வைத்தார். "இவுஹ வாயத் தொறந்தா வூடே நாறும்மா. அதான் வையணும்னா பிரெஞ்சுலயே வையுங்கன்னு சொல்லிட்டேன். எனக்கும் வெளங்காது, பேரப்புள்ளையளும் கெட்டுப்போவாது."

பாட்சா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடிதத்தைப் படித்தார். முதல் வரியில் சிரித்தார். பக்கம் திருப்பும்போது சிரிப்பு நின்றிருந்தது. கடிதத்தை மடித்துக் கொடுத்துவிட்டு, "சாயாவைக் குடிங்க, கெளம்புவோம்" என்றார்.

வாரியத்தின் தேர்வு, ஆடித்தபசு விடுமுறை முடிந்து, ஜூலை முப்பத்தொன்றாம் தேதி நடந்தது. தகுதிகளைச் சண்முகையா வாசித்தார். கொச்சைமொழியில் முதுகலைப் பட்டம். பத்து வருட அனுபவம். மேலும், விண்ணப்பதாரர் தன் வாழ்நாளில் பொது இடத்தில் எந்தக் கெட்ட வார்த்தையும் பேசியதில்லை என்று காவல் நிலைய நன்னடத்தைச் சான்று.

பாட்சா கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம். கெட்ட வார்த்த தெரிஞ்சிருக்கணும். ஆனா பேசியிருக்கப்படாது. அப்படியா?"

"அதேதான்" என்றார் சண்முகையா.

"நீஞ்சத் தெரியணும், தண்ணியில எறங்கியிருக்கப்படாது."

"அழகாச் சொல்லிட்டீரு. அதான் வாரியத்தோட கொள்கை."

வினாத்தாள் வந்தது. 'கீழ்க்கண்ட பிரெஞ்சுக் கொச்சைச் சொற்களுக்கு இணையான எபிரேயக் கொச்சைச் சொற்களை எழுதுக' என்று தலைப்பு. சொற்கள் அநாகரிகமானவை என்பதால் அவற்றுக்குப் பதிலாகப் புள்ளிகள் அச்சிடப்பட்டிருந்தன. விடையிலும் அநாகரிகம் கூடாது என்று அடிக்குறிப்பு. பாட்சா வினாத்தாளைத் தூக்கிப் பின்பக்கம் பார்த்தார். தாளைத் தட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து புள்ளிக்குப் புள்ளி வைத்தார். பத்துச் சொல்லுக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை சரியாக இருந்ததால் நாற்பது மதிப்பெண் கொடுத்தார்கள். தேர்ச்சிக்கு நாற்பத்தொன்று வேண்டும்.

"ஒரு புள்ளியில போச்சு" என்று சண்முகையா உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடுத்த தேர்வு தையில. கட்டாயம் எழுதணும், வே."

யோகலட்சுமி மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டாள். இன்னும் ஒன்பது நாள். அன்று காலை பக்கத்து வீட்டுக்காரி ஒரு படம் அனுப்பியிருந்தாள். ஜன்னலைப் பார்த்த நாற்காலியில் ஜிசேல் அம்மா. மணிக்கட்டிலிருந்து கடிகாரப் பட்டை முழங்கை வரை நழுவிக் கிடந்தது.

"நானே எழுதித் தந்துருதேன் தங்கச்சி, வாங்க" என்றார் பாட்சா.

"எழுதினா முத்திரை யாரு பாய் குடுப்பா?"

அப்போதுதான் ஞானசெல்வி படியில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். மடியில் விதிப்புத்தகம்.

"ஏட்டி, அழாத. இங்க பாரு. இந்த ஆபீசுல ஒருத்தர நியமிக்கணும்னா தகுதி வேணும். ஆனா பொன்னாடை போத்த ஒரு தகுதியும் வேண்டாம். விதி நாப்பத்திரெண்டு. வாரியம் நடத்துத விழாவுல சிறப்பு விருந்தினர் மேடையில வச்சு எழுதினது எதுவானாலும் விழா நடவடிக்கைக் குறிப்போட சேரும். குறிப்புல முத்திரை விழுந்தா எல்லாத்துக்கும் விழுந்த மாதிரி. வாடகைப் பத்திரம் எப்படி ஒப்புறுதி ஆச்சுன்னு நெனைக்க? திறப்பு விழா அன்னிக்குக் கட்டட ஓனருதான் சிறப்பு விருந்தினரு. மேடையிலேயே கையெழுத்துப் போட்டாரு."

"விழாவுக்கு நான் எங்கன போவேன் மேடம்?"

"நீ போவ வேண்டாம். விழான்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும், தலைவரு தானா ஓடிவருவாரு."

ஞானசெல்வி உள்ளே போனாள். வாரியத்துக்குக் கொச்சைமொழிப் பிரிவு என்று ஒன்று இல்லாதது பெரிய குறை என்றும், அதைத் தலைவர் கையால் திறந்து வைத்தால் வரலாறு பேசும் என்றும், பாரிசிலிருந்து திரும்பிய ஒரு பிரமுகர் தற்செயலாக மாடிப்படியில் உட்கார்ந்திருப்பதாகவும் சொன்னாள். தலைவர் நாற்காலியிலிருந்து எழுந்து கேட்ட முதல் கேள்வி, "பிளக்ஸ் எத்தன அடி?"

ஆகஸ்டு மூன்றாம் தேதி விழா. பதினோரு வருடத்தில் அந்த ஆபீசில் இவ்வளவு வேகமாக ஒரு வேலை நடந்ததில்லை. அரிசி ஆலை வாசலில் பந்தல். தலைவர் பிளக்ஸில் முப்பது வயதுப் பையனாகச் சிரித்தார். பூச்சந்தையிலிருந்து மல்லிகை மாலை. கூட்டம் சேர்க்கத் தறிக்காரப் பெண்கள் ஐம்பது பேருக்குக் கேசரியும் வடையும் சொல்லி அழைத்துவந்திருந்தார்கள். மேடையில் பாட்சாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அவர் முன்னால் ஒரு மேசை, தாள், பேனா. சிறப்பு விருந்தினர் குறிப்பெடுப்பதற்காம்.

தலைவர் உரை ஆற்றினார்.

"பெரியோர்களே! தாய்மார்களே! கொச்சை என்றால் என்ன? நமக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் கூடாது. ஆனால் அதற்கென்று ஒரு பிரிவு வேண்டாமா? ஒரு நாற்காலி வேண்டாமா? ஒரு மணி வேண்டாமா? இந்தப் பிரிவு தெளிவான குறிக்கோளோடு தொடங்குகிறது. இங்கே எந்தக் கொச்சைச் சொல்லும் நுழையாது. நுழைந்த சொல் வெளியே போகாது. மக்கள் எங்களைப் பார்த்துக் கேட்கிறார்கள், 'நீங்கள் இருந்து என்ன பயன்?' என்று. நான் திருப்பிக் கேட்கிறேன். நாங்கள் இல்லாவிட்டால் அந்தக் கேள்வியை நீங்கள் யாரிடம் போய்க் கேட்பீர்கள்?"

தறிக்காரப் பெண்கள் கை தட்டினார்கள். தட்டி முடித்தால் கேசரி வரும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

உரை ஐம்பது நிமிடம் நீண்டது. அதற்குள் பாட்சா இரண்டு பக்கத்தையும் எபிரேயத்தில் எழுதி முடித்திருந்தார். இடையிடையே நிறுத்தி, காதில் பழைய சண்டை ஏதோ கேட்பதுபோலத் தலையைச் சாய்த்து, சிரித்து, மறுபடி எழுதினார். தலைவர் அதைப் பார்த்துத் தன் பேச்சைத்தான் ஒருவர் வரி விடாமல் எழுதுகிறார் என்று நினைத்து இன்னும் பத்து நிமிடம் பேசினார். அந்தப் பத்து நிமிடத்தில் பாட்சா பிழை திருத்தினார்.

அடுத்தது சிறப்புரை. பாட்சா ஒலிபெருக்கி முன்னால் வந்தார்.

"எனக்கு மேடைப் பேச்சு வராது. ஒரு கடுதாசி இருக்கு. பிரெஞ்சுல ஒரு வயசான அம்மா எழுதினது. இப்பம் இத எபிரேயத்துல எழுதியாச்சு. ஒங்களுக்கு ரெண்டும் வெளங்காது. அதனால நம்ம பேச்சுல சொல்லுதேன். அந்தம்மா நம்ம ஊருல பொறந்திருந்தா எப்படிச் சொல்லியிருக்குமோ, அப்படி."

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"'ஏட்டி சவத்து மூதி. என்னைய இப்படி நட்டாத்துல உட்டுட்டுப் போய்ட்டல்லா. புதுசா ஒருத்திய அனுப்பியிருக்காவ. என் உசுர எடுக்கா. காப்பின்னு ஒண்ணு தாரா, பாத்திரம் கழுவுன தண்ணி தோத்துப்போவும். எனக்குப் பசிக்கிட்டி. கொலப்பசி பசிக்கி. ஆனா திங்க மாட்டேன். ஒனக்குப் பேத்தி பொறந்திருக்காளாம்லா. அவகிட்ட என்னத்தக் கண்டுட்ட? மொட்டத் தலையும் பொக்க வாயும் எனக்குந்தான இருக்கு. அவ மடியில ஒண்ணுக்குப் போனாக் கொஞ்சுவ, நான் போனா மட்டும் மூஞ்சியத் தூக்குவியோ? நான் செத்தேன்னா அது ஒன்னாலதாண்டி. ஒழுங்கா இங்கன வந்து மூஞ்சியக் காட்டு. ஒண்ணும் வாங்கிட்டு வர வேண்டாம். நீ வந்தாப் போதும்.'"

முன்வரிசையில் ஒரு பெண் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பின்வரிசையில் ஒருத்தி, "எங்க மாமியாரு இப்படித்தான் வையும். போயி ரெண்டு வருசமாச்சு" என்று யாருக்கென்று இல்லாமல் சொன்னாள். யோகலட்சுமி முகத்தை இரண்டு கையாலும் மூடியிருந்தாள். விரல் இடுக்கில் தண்ணீர் வந்தது.

சண்முகையாதான் முதலில் சுதாரித்தார். தலைவர் பக்கத்தில் குனிந்து, "சார், இதுல வசவு ஏழு இருக்கு. எண்ணினேன். கல்லு இருந்த எடத்துல பசி இருக்கு, ஸ்ட்ராபெரி இருந்த எடத்துல மூஞ்சி இருக்கு. தடையின்மைச் சான்றும் வரல. இத ஏத்துக்கிட முடியாது சார்" என்றார்.

"ரத்து பண்ணிரும், வே" என்றார் தலைவர்.

ஞானசெல்வி நடவடிக்கைக் குறிப்போடு அங்கேயே நின்றாள். முத்திரையின் ஈரம் இன்னும் காயவில்லை. "ரத்து பண்ணலாம் சார். ஆனா இது ஒரே குறிப்பு. ஒரு பக்கத்த மட்டும் ரத்து பண்ண விதி இல்ல. முழுக் குறிப்பும் போயிரும்."

"போவட்டும்."

"தலைவர் உரையும் அதுலதான் இருக்கு சார். அறுவது நிமிசமும். பொன்னாடையும் போத்தாத மாதிரி ஆயிரும். பிரிவும் தொறக்காத மாதிரி."

தலைவர் பிளக்ஸை ஒருமுறை பார்த்தார். தன் முப்பது வயதுச் சிரிப்பைப் பார்த்தார். பிறகு குறிப்பை வாங்கி, படிக்காமல், கையெழுத்துப் போட்டார்.

கேசரி வந்தது.

பெங்களூரில் இஸ்ரேல் விசா கொடுக்கிற ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பெண் அந்த எபிரேயத் தாளை வாங்கிப் படித்தாள். முதலில் வாயைப் பொத்தினாள். உள்ளே போய் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிவந்து சத்தமாக வாசித்தாள். மூவரும் சிரித்தார்கள். கடைசி வரியில் அவள் குரல் கொஞ்சம் மாறியது. "இதை எழுதியவர் எங்கே படித்தார்?" என்று கேட்டாள். "மளிகைக் கடையில்" என்றாள் யோகலட்சுமி. அனுமதி மூன்றாம் நாள் கையில் கிடைத்தது.

நம் வாரியம் சும்மா இருக்கவில்லை. கொச்சைமொழிப் பிரிவுக்கு நிபுணர் தேவை என்று விளம்பரம் கொடுத்தது. மைதீன் பாட்சா விண்ணப்பித்தார். போதிய அனுபவம் இல்லை என்று பதில் போயிற்று. அதே உறையில், பிரிவின் முதலாம் ஆண்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக வரும்படி அழைப்பிதழும் இருந்தது. ஷரீபா பீவி அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டாராம். பாட்சா பிரெஞ்சில்தான் பதில் சொன்னாராம்.

யோகலட்சுமி எட்டாம் தேதி சாயங்காலம் நெதன்யாவில் இறங்கினாள். கதவைத் திறந்தபோது ஜிசேல் அம்மா ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். காலடிச் சத்தம் யாருடையது என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் திரும்பவில்லை. யோகலட்சுமியும் கூப்பிடவில்லை. பையைக் கீழே வைத்தாள், கை கழுவினாள், நேரே அடுப்படிக்குப் போனாள். அரிசியைக் குழைய வடித்து, மிளகைக் குறைத்து ஒரு ரசம் வைத்தாள். பிசைந்து எடுத்துக்கொண்டு வந்து எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஸ்பூனை நீட்டினாள்.

அந்த அம்மா உதட்டை இறுக்கிக்கொண்டாள். கண் மட்டும் நிறைந்து நின்றது. ஸ்பூன் அப்படியே காற்றில் நின்றது. ஒரு நிமிடம் போயிருக்கும். பிறகு வாய் திறந்தது. முதலில் வந்தது வசவு. மார்செய் துறைமுகம் முழுவதும் அதில் இருந்தது. யோகலட்சுமி கை வலிக்க வலிக்க, வசவு முடியும்வரை ஸ்பூனை இறக்காமல் காத்திருந்தாள்.

அப்புறம் சோறு உள்ளே போயிற்று.

அவ்வளவுதான் மக்கா. எழுந்து போகிறவர்கள் பார்த்துப் போங்கள். உங்கள் வீட்டுக் காகிதங்கள் ஒரே நடையில் கையெழுத்தாகட்டும். உங்கள் வீட்டு உலையில் அரிசி குறையாதிருக்கட்டும். வெளியூர் போனவர்கள் சொன்ன தேதிக்குள் வந்து சேரட்டும். பல்லில்லாத வாய் உங்கள் வீட்டில் எத்தனை இருந்தாலும், தொட்டிலில் இருந்தாலும் கட்டிலில் இருந்தாலும், ஊட்டிவிட ஒரு கை பக்கத்திலேயே இருக்கட்டும். நன்றாக இருங்கள்.